பன்னிரண்டாம் தேதி எரிந்தது

மில் எரிந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. கவரைப்பேட்டையில் பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்கள் இன்னும் மூக்கைப் பொத்திக்கொள்கிறார்கள். கருகின புண்ணாக்கின் வாடை லேசில் போகாது. ஊர் வாய் அதைவிட மோசம், அதுவும் போகவில்லை.

வாராவாரம் கூட வருகிறவர்களுக்கு எல்லாம் நினைவிருக்கும். இன்றுதான் வந்து உட்கார்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். திருவாலங்காட்டுப் பக்கம் இருந்த எட்டு ஏக்கர் நஞ்சையை விற்று இங்கே கடலை எண்ணெய் மில் வைத்தவர் பூவராகவன். மெஷின்களைப் பார்த்துக்கொள்பவன் அவர் தம்பி துளசிராமன். முப்பது வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. அண்ணன் வீட்டில்தான் சாப்பாடு. பிப்ரவரி பதினாலாம் தேதி சாயங்காலம் கடலை பிழிகிற இரண்டாம் நம்பர் எக்ஸ்பெல்லரின் மோட்டாரில் கிளம்பிய தீ, எண்ணெய்த் தொட்டிக்குத் தாவி, கூரையைத் தின்றுவிட்டது. அப்போது உள்ளே மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தவன் கூலியாள் மாரியப்பன். இப்போது அவன் மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரியில் வாழை இலையில் கிடக்கிறான்.

துளசிராமன் அன்று ஊரில் இல்லை. "ரிப்பேரான மோட்டாரு ஒழுங்கா ஓடணும். மில்லு பேர்ல ஒரு அர்ச்சனை பண்ணிட்டு வாடா" என்று அண்ணன் அவனைத் திருவாலங்காட்டுக்கு அனுப்பியிருந்தார். விபூதிப் பொட்டலத்தோடு திரும்பியவன் தூரத்திலிருந்தே புகையைப் பார்த்தான். முந்தின நாள் அந்த மோட்டாரைத் தூக்கி வைத்து ஒயர் முடுக்கியது அவன் கை. "எங்கியோ ஒரு நட்டை லூசா உட்டுட்டேன்" என்று அவனே வாய் விட்டுச் சொன்னான். ஊர் அதைப் பிடித்துக்கொண்டது.

அண்ணன் மட்டும் நாலு பேர் நடுவில் அவன் தோளில் கை போட்டு, "போனது போச்சுடா. உன்னை நான் மன்னிச்சிட்டேன்" என்றார். என்ன மனசு, என்ன மனசு என்று எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். எனக்கு இந்த மாதிரி, சபை கூட்டி மன்னிக்கிறவர்களைக் கண்டால் ஆகாது. ஏன் ஆகாது என்பது இந்தத் திங்கட்கிழமை சாயங்காலத்துக்குள் உங்களுக்கே தெரிந்துவிடும்.

---

காலை ஒன்பது மணிக்கு இன்ஷ்யூரன்ஸ் சர்வேயர் பாக்கியநாதன் வந்து இறங்கினார். இது இரண்டாம் தடவை. தோளில் காக்கிப் பை. அதற்குள் டேப்பு, டார்ச் லைட்டு, ஒரு சின்ன சுத்தியல்.

காயலான் கடை பச்சையப்பன் அவருக்கு முன்பே வந்து வாசலில் குந்தியிருந்தான். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்பது அவன் தொழில் தர்மம்.

பாக்கியநாதன் சுத்தியலால் முதல் நம்பர் எக்ஸ்பெல்லரின் உடம்பைத் தட்டினார். கணீர் என்றது. "இது பிழைச்சுது. பேரிங்கை மட்டும் மாத்தணும்" என்று குறித்துக்கொண்டார். இரண்டாம் நம்பரின் கியர் பெட்டியைத் தட்டினார். உடைந்த சட்டியைத் தட்டினது போல டொக்கென்றது.

"தண்ணி ஊத்தினீங்களா?"

"ஊரே ஒண்ணா சேர்ந்து குடம் குடமா ஊத்துச்சு சார்" என்றார் பூவராகவன் பெருமையாக.

"பழுக்கக் காய்ஞ்ச வார்ப்பு இரும்புல பச்சைத் தண்ணியை ஊத்தினா விரிசல் விடாம என்ன செய்யும்? தீ கெடுத்தது பாதி. ஊர்க்காரங்க நல்ல மனசு கெடுத்தது பாதி."

பிறகு இரண்டாம் நம்பர் மோட்டாரின் மூடியைக் கழற்றச் சொன்னார். துளசிராமன்தான் கழற்றினான். டார்ச் அடித்து வெகுநேரம் பார்த்தார் சர்வேயர். வெளியே பச்சைப் பெயிண்ட் அங்கங்கே ஒட்டியிருந்தது. உள்ளே காயில், அதாவது செம்புக் கம்பிச் சுற்று, இருந்த இடத்தில் வெறும் கரி.

"வெளியில விட உள்ளதான் அதிகம் வெந்திருக்கு. தீ இதுக்குள்ளதான் பிறந்திருக்கு" என்றார். துளசிராமன் தலையைத் தொங்கப் போட்டான். பன்னிரண்டு நாளாக அவன் கழுத்துக்கு அது பழகிவிட்டது.

கை கழுவிக்கொண்டு உட்கார்ந்த பாக்கியநாதன் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார்.

"பம்பாய் ஆபீஸ்லேருந்து வந்திருக்கு. போன தடவை உங்க மெஷின் நோட்டுல நாலு பக்கம் காப்பி எடுத்துட்டுப் போனேன் இல்லையா? எங்க டைப்பிஸ்ட் அதை இங்கிலீஷ்ல போட்டு அனுப்பிட்டார். அதுலதான் வம்பு."

மெஷின் நோட்டு துளசிராமனுடையது. எட்டாம் வகுப்போடு நின்றவன் அவன். ஆனால் ஆறு வருஷமாக, மெஷின் ஓடின ஒரு நாள் கூட எழுதாமல் விட்டதில்லை. எந்த மெஷின் எத்தனை மணி ஓடியது, எந்த பெல்ட் அறுந்தது, எல்லாம் முத்து முத்தான எழுத்தில் இருக்கும். அவனுக்கென்று இருந்த ஒரே சொத்து அந்த நோட்டுதான் என்றால் தப்பில்லை.

பாக்கியநாதன் பக்கத்தைப் புரட்டிக் காட்டினார். "12-2-68. இரண்டாம் நம்பர் மோட்டார் எரிந்து விட்டது."

"காயில் போயிடுச்சி சார் அன்னிக்கு. அத்தைத்தான் எழுதினேன்" என்றான் துளசிராமன்.

"எனக்குப் புரியுது தம்பி. இந்தப் பக்கம் மோட்டார் நெருப்பே இல்லாம எரியும். பம்பாய்க்காரனுக்கு அது எப்படித் தெரியும்? பன்னிரண்டாம் தேதியே மோட்டார் தீயில அழிஞ்சு போச்சுன்னு இங்கிலீஷ்ல படிக்கிறான். உங்க பாலிசி ரெண்டு மாசமா காலாவதியாகிக் கிடந்து, அண்ணன் மெட்ராஸ் வந்து புதுப்பிச்சது பதிமூணாம் தேதி. எரிஞ்ச மில்லுக்கு மறுநாள் இன்ஷ்யூர் பண்ணியிருக்காங்க, மோசடின்னு எழுதியிருக்கான்."

பூவராகவன் ஒரு கணம் கூட யோசிக்கவில்லை. "தேதியைத் தப்பா போட்டுட்டான் சார். பதினாலுன்னு போட வேண்டியது. படிப்பு கம்மி பாருங்க. நீங்க எழுதிக்கினு வாங்க, கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுவான்."

துளசிராமனுக்குச் சுருக்கென்றது. மில்லைக் கொளுத்தினவன் என்று ஊர் சொன்னதைக் கூடப் பொறுத்துக்கொண்டான். நோட்டு தப்பு என்றதைப் பொறுக்க முடியவில்லை.

"தேதி கரெக்டுதாண்ணா. கும்முடிப்பூண்டி தாவீது அண்ணன்தானே காயில் கட்டினாரு? அவுரு சீட்டு போடாம எந்த மோட்டாரையும் உடமாட்டாரு."

"சீட்டும் இல்ல கீட்டும் இல்ல" என்றார் பூவராகவன் அவசரமாக. "அவன் வாயாலதான் சொன்னான்."

"சீட்டு இருந்தா நல்லது" என்றார் பாக்கியநாதன். "பன்னிரண்டாம் தேதி காயில்தான் போச்சு, பதினாலாம் தேதி மோட்டார் ஓடிச்சுன்னு ஆயிடும். இல்லேன்னா தம்பி தேதி தப்புன்னு கையெழுத்துப் போடணும். இதோ, எழுதியே கொண்டாந்துட்டேன். அஞ்சே முக்கால் வண்டிக்குள்ள ஏதாவது ஒண்ணு வேணும்."

பேப்பரைப் பூவராகவன் கையில் கொடுத்துவிட்டு, பாதி தனக்கே சொல்லிக்கொள்வது போலச் சொன்னார்: "எரிந்ததுன்னா கம்பெனி குடுக்கும். எரித்ததுன்னா குடுக்காது. நடுவுல ஒரே ஒரு எழுத்து. அந்த எழுத்தைப் பார்த்துட்டு வரத்தான் எனக்குச் சம்பளம்."

"நான் போய் வாங்கியாரேன் சார்" என்று சைக்கிளை எடுத்தான் துளசிராமன்.

"வேணாண்டா, துளசி! வெயில்ல எங்க போற?" என்று கத்தினார் அண்ணன். தம்பி மேல் அவ்வளவு கரிசனம்.

---

ரயில்வே கேட்டருகே சின்னப்பொண்ணு நின்றிருந்தாள். மாரியப்பன் பெண்டாட்டி. கையில் கஞ்சித் தூக்கு. மெட்ராஸ் வண்டிக்குப் போகிறவள்.

"எப்படிக்கீது சின்னப்பொண்ணு?"

"எப்படிக்கீதா? பொரட்டிப் போட்டா தோலு எலையோட வருது. நீ முடுக்காம உட்ட நட்டுக்கு என் ஊட்டுக்காரன் வேகறான்."

துளசிராமன் சட்டைப் பையில் கை விட்டு இருந்ததை எடுத்து நீட்டினான்.

"உன் டப்பு யாருக்கு வேணும்? அந்தாளு ஒரு வாய் கஞ்சி முழுங்கட்டும், அது போதும் எனக்கு" என்று அவள் நடந்துவிட்டாள்.

நீட்டிய காசைப் பையில் போட்டுக்கொண்டு அவன் சைக்கிளை மிதித்தான். தான் செய்த பாவம் என்றே அவன் அதுவரைக்கும் நம்பினான்.

---

கும்முடிப்பூண்டியில் தாவீதின் கடை ஒரு தகரக் கொட்டகை. வார்னிஷ் வாடை தெருவுக்கே அடிக்கும். வாசலில் வயிறு கிழிந்த மோட்டார்கள் வரிசையாகக் கிடக்கும்.

"வா நைனா. கேள்விப்பட்டேன். பேஜாரா பூட்ச்சி" என்றார் தாவீது. துளசிராமன் வந்த காரியத்தைச் சொன்னான்.

"சீட்டா? உங்க அண்ணன் கையிலதானே குடுத்தேன்? பதிமூணாந்தேதி காலையில மோட்டாரை வண்டியில ஏத்தி உட்டுட்டு, சீட்டை மட்டும் பையில வெச்சிக்கினு மெட்ராஸ் ரயில் புடிக்கணும்னு ஓடினாரே."

"காப்பி இருக்குதா அண்ணே?"

"இல்லாம? பார்ட்டி கையெழுத்து வாங்காம தாவீது ஒரு மோட்டாரையும் வெளிய உட்டதில்ல." கார்பன் வைத்து எழுதிய புத்தகத்தைத் தேடி எடுத்து, அந்தப் பக்கத்தைக் கிழித்துக் கொடுத்தார்.

துளசிராமன் நின்றபடியே படித்தான்.

"13-2-68. பதினைந்து குதிரைச் சக்தி மோட்டார். அவசரம் என்று பார்ட்டி சொன்னதால் பாதிக் காயில் மட்டும் புதிதாகக் கட்டியது. மீதிக் காயில் கருகி உள்ளது. முழு லோடு போடக் கூடாது. போட்டால் தீப் பிடிக்கும். பார்ட்டிக்கு நேரில் சொல்லப்பட்டது."

அடியில் கையெழுத்து. பூவராகவன். கடைசி ன்-னுக்கு வால் இழுத்து, அண்ணன் போடுகிற அதே கையெழுத்து.

"அண்ணே, நான் நட்டை லூசா உட்டுட்டேன்னு..."

"எந்த நட்டு? நட்டு லூசா இருந்தா நட்டாண்ட கருகும். காயிலு எப்படிக் கரியாவும்? உனக்கு யாரு சொன்னா நைனா?"

யாரும் சொல்லவில்லை. அவனே சொல்லிக்கொண்டான். மற்றவர்கள் மறுக்காமல் இருந்தார்கள், அவ்வளவுதான்.

 திரும்பி வருகிற வழியில் ஒரு புளியமரத்தடியில் சைக்கிளைச் சாத்திவிட்டு உட்கார்ந்துவிட்டான். பதிமூணாம் தேதி காலை சீட்டு. அன்று மதியமே பாலிசி. மறுநாள் தம்பிக்கு அர்ச்சனைத் தட்டு. அன்று சாயங்காலம் முழு லோடு. ஒன்றன் பின் ஒன்றாக வைத்துப் பார்த்தான். நோட்டில் எழுதுகிறவனுக்கு வரிசை தெரியாமல் இருக்குமா? பல வருஷம் கழித்து அன்றுதான் அவன் அழுதான்.

---

வீட்டுக்கு வந்தபோது நாலரை மணி. அண்ணனும் சர்வேயரும் மில்லில் இருந்தார்கள். அண்ணி ரத்னா மட்டும் அடுப்பங்கரையில் இருந்தாள். அம்மா போன பிறகு அவனுக்குப் பதினைந்து வருஷமாகச் சோறு போட்ட கை அது. அண்ணனிடம் கேட்க முடியாததை எல்லாம் அவளிடம்தான் கேட்பான்.

"இன்னா தம்பி, மூஞ்சி இப்படிக்கீது? சாப்டியா?"

"இத்தைப் படிங்க அண்ணி. நான் இல்ல அண்ணி. நான் பண்ணல."

அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். ஒரு தடவை படித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

"சர்வேயரு பார்த்துட்டாரா?"

"இல்ல. நேரா உங்களாண்டதான் வந்தேன்."

"தாவீதாண்ட வேற காப்பி கீதா?"

"இல்ல அண்ணி, இதான் இருந்துது. கிழிச்சுக் குடுத்துட்டாரு."

பாவி, கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னான். அவள் ஏன் கேட்கிறாள் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. ரத்னா குனிந்தாள். விறகைத் தள்ளுகிற மாதிரி அந்தச் சீட்டை அடுப்புக்குள் தள்ளினாள்.

"அண்ணி!"

அவன் அடுப்புக்குள் கையை விட்டான். அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் விரல் சுட்டுவிடக் கூடாது என்றுதான் பிடித்தாள். அதுதான் கொடுமை.

"எனக்கு மூணு புள்ளைங்க தம்பி. மில்லைக் கொளுத்தினவன் பொண்ணுன்னு சொன்னா எவன் கட்டுவான்?"

"என்னைச் சொல்லலாமா?"

அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. "உன்னைச் சொன்னா அழறதுக்கு உனக்கு யாரு கீறாங்க?" என்றாள்.

பதினைந்து வருஷச் சோறும் அந்த ஒரு வாக்கியத்தில் தீர்ந்துபோயிற்று. மில்லிலிருந்து திரும்பி, சத்தம் கேட்டு உள்ளே வந்த பூவராகவன் அடுப்பைப் பார்த்தார், பெண்டாட்டியைப் பார்த்தார். யாரும் அவருக்கு எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. சர்வேயர் கொடுத்த பேப்பரைத் தம்பியிடம் நீட்டினார்.

"சார் ஸ்டேஷனுக்குப் போய்ட்டாரு. கையெழுத்துப் போட்டுட்டு வா. தம்பி உடையான் படைக்கு அஞ்சான்னு நான் சும்மாவா சொல்லிக்கினு திரியறேன்?"

"அண்ணா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். என்னைக் கோயிலுக்கு அனுப்பினியே. மாரியப்பனை ஏன் அனுப்பல?"

பூவராகவன் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தான். அவர் கோபப்படவில்லை. இது என்ன கேள்வி என்பது போலப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் போய்ட்டா மெஷினை யாருடா போடறது?"

துளசிராமன் பேனாவை வாங்கிக்கொண்டான். பேப்பரைத் தொடவில்லை. ஆணியில் தொங்கிய பையிலிருந்து மெஷின் நோட்டை எடுத்து, மடியில் வைத்து, பன்னிரண்டு நாள் வெறுமையாகக் கிடந்த பக்கத்தில் எழுத ஆரம்பித்தான்.

"26-2-68. மெஷின் ஓட்டம் இல்லை. முழு லோடு போட்டால் தீப் பிடிக்கும் என்று 13-ந் தேதி தாவீது சீட்டு கொடுத்தார். அதைத் தெரிந்தே 14-ந் தேதி முழு லோடு போட்டார்கள். இன்று அந்தச் சீட்டையும் எரி"

பேனா நின்றது. அண்ணன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "எழுதாதடா" என்றார். 

துளசிராமன் அடுத்த எழுத்தைப் போட்டான். த்.

---

துளசிராமன் நோட்டோடு வந்தபோது ரயில்வே கேட் மூடியிருந்தது. மெட்ராஸிலிருந்து வந்த பாசஞ்சர் ஜனங்களை இறக்கிவிட்டுப் போய்விட்டது. பாக்கியநாதன் எதிர்ப் பிளாட்பாரத்தில் பையோடு நின்றார். அவர் வண்டிக்கு மணி அடித்துவிட்டார்கள்.

கேட்டருகே சின்னப்பொண்ணு வந்துகொண்டிருந்தாள். கையில் அதே தூக்கு. மூடி திறக்கவே இல்லை. நடக்கும்போது காலைக் கஞ்சி உள்ளே தளும்பி விளிம்பில் வழிந்தது. மாரியப்பன் ஒரு வாய் கூட முழுங்கவில்லை.

பன்னிரண்டு நாளில் முதல் தடவையாகத் துளசிராமன் அவள் எதிரில் தலையைத் தொங்கப் போடாமல் நின்றான். "நட்டு இல்ல சின்னப்பொண்ணு. நான் இல்ல. இதுல எழுதியிருக்குது" என்று நோட்டை நீட்டினான்.

"எனக்கு இன்னாத்தைத் தெரியும் படிக்க? நீயே படி."

அவன் படித்தான். கடைசி வரி வரைக்கும் நிறுத்தாமல் படித்தான். "இன்று அந்தச் சீட்டையும் எரித்தார்கள்."

பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்காதவள் அவள். ஆனால் பம்பாய் ஆபீஸ் மொத்தமும் சேர்ந்து கேட்காததை அவள் கேட்டாள்.

"சீட்டை'யும்'னா? அதுக்கு முன்ன இன்னாத்தை எரிச்சாங்க? யாரு எரிச்சாங்க?"

தூரத்தில் வண்டி ஊதியது. அந்தப் பக்கத்திலிருந்து சர்வேயர் கையை ஆட்டி அவனைக் கூப்பிட்டார். சின்னப்பொண்ணு நோட்டின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

"பேரைப் படி" என்றாள். "பேரை எழுதலன்னா, இங்கியே எழுது."